ஷஹீத் என்று சொல்லி நம் கணக்கை முடித்துவிட முடியாது



பிள்ளைப்பேற்றின் காரணமாக மௌத்தாகும் பெண் ஷஹீதுடைய தரத்தை அடைகிறாள் என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி சொல்லியிருக்கிறார்கள். அபூதாவூதில் பதிவாகியிருக்கும் இந்த நபிமொழியை அறியாத முஸ்லிம் வீடு அநேகமாக இல்லை. ஒரு தலைப்பிரசவக்காரியின் ஜனாஸா எழும்போது, கதறிக்கொண்டிருக்கும் தாயின் காதில் யாரேனும் ஒருவர் இதைச் சொல்கிறார். அந்தத் தாய்க்கு அது மூச்சுவிட இடம் தருகிறது. அந்த ஆறுதலை எவரிடமிருந்தும் பறிக்க நாம் வரவில்லை.

ஆனால் அதே நற்செய்தி இன்று வேறொரு வேலைக்கும் பயன்படுத்தப்படுகிறது. அவளுக்குத் தலைவலி எத்தனை நாளாக இருந்தது? முகம் வீங்கியதை யார் பார்த்தார்கள்? இரத்த அழுத்தத்தைக் கடைசியாக அளந்தது எப்போது? "உடனே சேர்த்துவிடுங்கள்" என்று மருத்துவர் சொன்ன பிறகு வீட்டில் எத்தனை மணி நேரம் பேச்சு நடந்தது? இந்தக் கேள்விகள் எழுமுன்பே, "ஷஹீதுடைய மௌத்து, விடுங்கள்" என்ற ஒரு சொல் எல்லா வாய்களையும் அடைத்துவிடுகிறது. ஷஹீத் என்பது அல்லாஹ் அவளுக்கு வழங்கும் பதவி. அவளைச் சுற்றியிருந்த நமக்கு வழங்கப்பட்ட மன்னிப்புச் சீட்டு அன்று.

கர்ப்பகால இரத்த அழுத்தத்தைப் பற்றியே இங்கே பேசுகிறோம். நம் பாட்டிமார் "ஜன்னி கண்டுவிட்டது" என்று சொல்லி அஞ்சிய நோய் இதுவே. மருத்துவர்கள் இதன் முதற்கட்டத்தைப் பிரீ-எக்லாம்ப்சியா என்றும், வலிப்பு வந்துவிட்ட நிலையை எக்லாம்ப்சியா என்றும் அழைக்கிறார்கள். உலகெங்கும் நூறு கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை இந்நோய்க்கு உள்ளாகின்றன. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நிகழும் தாய் மரணங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று கர்ப்பகால இரத்த அழுத்தக் கோளாறுகளோடு தொடர்புடையது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

கருவின் இருபதாவது வாரத்திற்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறுகிறது. சிறுநீரில் புரதம் வெளியேறுகிறது; அல்லது கல்லீரல், சிறுநீரகம், மூளை, இரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றில் பாதிப்பு தென்படுகிறது. 160/110 என்பது உடனடி ஆபத்தின் எல்லைக்கோடு. பெரும்பாலும் தொடக்கத்தில் வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பெண் நடமாடுகிறாள், சமைக்கிறாள், தொழுகிறாள். வீட்டாருக்கு எதுவும் தெரிவதில்லை. கால் வீங்கினால் "நீர் கோத்திருக்கிறது, பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுங்கள்" என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

இரத்தம் முன்கூட்டியே பேசுகிறது

இந்நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கரு நிலைபெறும் தொடக்க மாதங்களில் தாயின் கருப்பை இரத்தக் குழாய்கள் விரிந்து, நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக இரத்தம் பாய வழிவிட வேண்டும். அது சரியாக நடவாதபோது, இரத்தம் போதாத நஞ்சுக்கொடி சில புரதங்களை அளவுக்கு மீறித் தாயின் இரத்தத்தில் கலக்கவிடுகிறது. அவற்றில் முதன்மையானது எஸ்எஃப்எல்டி-1 என்பது. இரத்தக் குழாய்களின் உட்சுவரை நலமாக வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை இது பிடித்து முடக்கிவிடுகிறது. அவ்வாறு முடக்கப்படுபவற்றுள் பிஎல்ஜிஎஃப் எனப்படும் நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணியும் ஒன்று. முதலாவது ஏறுகிறது, இரண்டாவது இறங்குகிறது. காக்கும் புரதம் குறையக் குறையத் தாயின் உடலெங்கும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, கசிகின்றன. அழுத்தம் ஏறுவதும் சிறுநீரில் புரதம் ஒழுகுவதும் அதன் விளைவுகளே.

இந்த உண்மையை 2003ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துக்காட்டிய பாஸ்டன் ஆய்வுக் குழுவின் முன்னணியில் இருந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த மருத்துவர் அனந்த் கருமாஞ்சி. அடுத்த ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, நோய் வெளிப்படுவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்பே எஸ்எஃப்எல்டி-1 ஏறத் தொடங்கிவிடுகிறது என்று காட்டியது. தாய்க்குத் தலைவலி வருமுன், மாமியார் வீக்கத்தைக் கவனிக்குமுன், இரத்தம் பேசத் தொடங்கிவிடுகிறது. கேட்க ஆள் இருந்தால் ஐந்து வாரங்கள் என்பது ஓர் உயிரைக் காக்கப் போதுமான அவகாசம்.

இந்த அறிவு ஏட்டோடு நிற்கவில்லை. இவ்விரு புரதங்களின் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்தில் பிரீ-எக்லாம்ப்சியா வராது என்பதை 99 சதவீதத்துக்கும் மேலான உறுதியோடு சொல்லலாம் என 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. பிஎல்ஜிஎஃப் அளவைப் பார்த்து முடிவெடுத்தால், நோயைக் கண்டறியும் காலம் நான்கு நாட்களிலிருந்து இரண்டு நாட்களாகக் குறைகிறது என்றும், தாய்மாருக்கு நேரும் கடும் பாதிப்புகளும் குறைகின்றன என்றும் 2019இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு நிறுவியது. இங்கிலாந்தின் பொது மருத்துவ சேவையில் இப்பரிசோதனைக்கு இடம் தரப்பட்டுள்ளது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 மே மாதத்தில் இதற்கு அனுமதி வழங்கியது. நம் நாட்டில் இப்போதைக்குப் பெருநகரங்களின் பெரிய ஆய்வகங்களிலேயே இது கிடைக்கிறது; செலவும் அதிகம். ஆயினும் அறிவு வந்துவிட்டது. அறிவு வந்த பிறகு அறியாமையைச் சாக்காகச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

விதியின் பெயரால்

"எல்லாம் கத்ரு. எழுதியது நடக்கும். சோதனை செய்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. அதை நம்மைவிட ஆழமாக நம்பியவர் உமர் (ரலி) அவர்கள். ஷாம் தேசத்திற்குப் புறப்பட்ட அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் கேள்வியுற்றுத் திரும்பத் தீர்மானித்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற பொருளில் விடையளித்தார்கள். நோயும் விதி, மருந்தும் விதி, அளவுக் கருவியும் விதியே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத்து, கட்டாத ஒட்டகம் ஓடிப்போனதற்கு விதியைச் சாட்டலாமா?

இதைவிடக் கடுமையான பாடம் ஒன்று அபூதாவூதிலேயே இருக்கிறது. தலையில் காயம்பட்ட ஒருவருக்கு உறக்கத்தில் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். அவர்கள் சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியபோது, அவருடைய நேரம் வந்துவிட்டது என்று சொல்லி அதை முடித்துவிடவில்லை. அறிவின்றித் தீர்ப்புச் சொன்னவர்கள்மீதே அந்தச் சாவின் பொறுப்பை வைத்துக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டறிந்திருக்கக் கூடாதா என்று வருந்தினார்கள்.

அந்த இடத்தில் நம்மை நிறுத்திப் பார்ப்போம். எட்டாம் மாதத்துப் பெண்ணின் கண்முன் ஒளிப்பொறிகள் பறக்கின்றன. "கண்ணேறு, தண்ணீர் ஓதிக் கொடுங்கள்" என்று தீர்ப்புச் சொல்பவர் யார்? ஓதிப் பார்ப்பது சுன்னத்தானது. அதை நாம் எதிர்க்கவில்லை. ஓதிய கையோடு மருத்துவமனைக்கு வண்டி பிடிப்பதை எந்த மார்க்கச் சட்டமும் தடுக்கவில்லை. ஓதுவதை மருத்துவத்துக்கு மாற்றாக நிறுத்தி, அதனால் ஓர் இரவு வீணாகுமானால், காயம்பட்டவரைக் குளிக்கச் சொன்னவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

"கத்தி வைக்கப் பார்க்கிறார்கள்"

இரண்டாவது சாக்கு மருத்துவர்கள்மீதான சந்தேகம். "பிரஷர் என்று பயமுறுத்தி, சிசேரியன் செய்து காசு பறிக்கிறார்கள்" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கேட்கிறது. தேவையற்ற அறுவைகள் நடக்கின்றன என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் சந்தேகத்திற்கு மருந்து உண்மையை அறிவதே. இரத்த அழுத்தம் எண்ணில் வருகிறது. எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிறுநீரில் புரதம் எவ்வளவு என்று கேளுங்கள். தட்டணு எண்ணிக்கையையும் கல்லீரல் பரிசோதனை முடிவையும் கேளுங்கள். இன்னொரு மருத்துவரிடம் அதே நாளில் காட்டுங்கள். அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள்.

இந்தப் புரதப் பரிசோதனையின் பெரும்பயன்களில் ஒன்று இதுவே என்பதைச் சந்தேகப் பிராணிகள் அறிய வேண்டும். விகிதம் தாழ்வாக இருந்தால், அவசரப்பட்டுக் குழந்தையை வெளியே எடுக்காமல் கவனமாகக் காத்திருக்க மருத்துவருக்குத் துணிவு வருகிறது. கருவறையில் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு நிஃமத்து. மறுபுறம், நோய் முற்றிவிட்டால் நஞ்சுக்கொடி வெளியேறுவதைத் தவிர அதற்கு வேறு தீர்வு இல்லை. அப்போது பிரசவத்தைத் தள்ளிப்போடுவது தாயைப் பணயம் வைப்பதாகும்.

மூன்றாவது தயக்கம் மார்க்கப் பற்றிலிருந்து எழுவது. ஆகவே மரியாதையோடு விடை சொல்கிறோம். மூன்றாம் மாதத்து இரத்தப் பரிசோதனை என்றாலே, "அது பிள்ளையில் ஊனம் தேடிக் கலைக்கச் சொல்லும் சோதனை, நமக்கு வேண்டாம்" என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். 'டபுள் மார்க்கர்' பரிசோதனை குரோமோசோம் குறைபாட்டைத் தேடுவது என்பது மெய். ஆனால் அந்தக் காலகட்டத்தில், 11 முதல் 14 வாரங்களுக்குள், எடுக்கும் இரத்தத்திலேயே பிஎல்ஜிஎஃப், பாப்-ஏ என்னும் புரதங்களைப் பார்த்து, இரத்த அழுத்தம், ஸ்கேன் ஆகியவற்றோடு சேர்த்துக் கணக்கிட்டால், தாய்க்குப் பின்னாளில் பிரீ-எக்லாம்ப்சியா வரும் அபாயம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அபாயம் மிகுந்தவர்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துவந்தபோது, 37 வாரங்களுக்கு முன் பிரசவிக்கச் செய்யும் கடுமையான வகை 62 சதவீதம் குறைந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. இதில் கலைப்பதற்கு என்ன இருக்கிறது? தாயும் பிள்ளையும் ஒருசேரக் காக்கப்படுகிறார்கள். ஆஸ்பிரினைத் தானாக வாங்கி விழுங்கலாகாது. மருத்துவர் அபாயத்தைக் கணித்து, பதினாறு வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டியது அது.

வெட்கமும் நோன்பும்

நான்காவதாக, "பெண் மருத்துவர் இல்லை, நாளை வருவார்" என்ற காத்திருப்பு. பெண் மருத்துவரைத் தேடுவது ஹயாவின் பாற்பட்டது, பாராட்டுக்குரியது. வலிப்பின் விளிம்பில் நிற்கும் பெண்ணுக்கு அந்த ஒரு நாள் இல்லை. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை அனுமதிக்கும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. பெண் மருத்துவர் இல்லையே என்று உண்மையாகவே வருந்துபவர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தம் மகளின் படிப்பை நிறுத்தித் திருமணம் பேசுவாரா? பெண்களுக்கு மருத்துவம் பார்க்கும் பெண்கள் சமுதாயத்தில் இருப்பது ஃபர்ளு கிஃபாயா. அதை நிறைவேற்றாத நாம், அதன் இன்மையைச் சாக்காகச் சொல்வது இரட்டைப் பிழை.

ஐந்தாவதாக, ரமலான். கர்ப்பிணிக்கு நோன்பில் சலுகை உண்டு. களாவா, ஃபித்யாவும் சேர்ந்தா என்ற விவரத்தில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு நேரும் என்று அஞ்சுபவள் நோன்பை விடலாம் என்பதில் வேறுபாடு இல்லை. இரத்த அழுத்தம் ஏறியிருக்கும் பெண்ணிடம், "நாங்களெல்லாம் பத்து மாதமும் நோன்பு பிடித்துப் பெற்றோம்" என்று சொல்லும் மாமிமார்கள், அல்லாஹ் தந்த சலுகையைத் தாங்கள் மறுக்கிறோம் என்பதை உணரட்டும்.

அளவுக் கருவியை மறந்த கூட்டம்

இதுவரை சொன்னதைக் கேட்டு, "அப்படியானால் அந்த விலையுயர்ந்த சோதனையைச் செய்துவிட்டால் போதும்" என்று எண்ணுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தப் புரத அளவும் இரத்த அழுத்தக் கருவிக்கு ஈடாகாது. விகிதம் உயர்ந்திருந்தாலே நோய் வந்தே தீரும் என்பதும் இல்லை. தாழ்ந்த விகிதம் தரும் உறுதி ஒரு வாரத்துக்கானது, ஒன்பது மாதத்துக்கானது அன்று. பணம் உள்ளவர் பெரிய ஆய்வகத்தின் அறிக்கையைக் கோப்பில் வைத்துக்கொண்டு மாதாந்தர பரிசோதனையைத் தவறவிட்டால், அவருக்கும் அறியாதவருக்கும் வேறுபாடு இல்லை.

ஏழைக்கு வழி அடைபட்டுவிடவும் இல்லை. இரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நாளாக 2016 முதல் நாடெங்கும் நடைபெறுகிறது. வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் விலை மலிவான மருந்து. 33 நாடுகளில் ஏறத்தாழ பத்தாயிரம் பெண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், அது வலிப்பின் அபாயத்தைப் பாதிக்கும் மேலாகக் குறைத்தது. மருந்து இருக்கிறது. அது இருக்கும் இடத்துக்கு அவள் உரிய நேரத்தில் போய்ச் சேர்வதுதான் நம் கையில் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு வீட்டாரும் இவற்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். விடாத தலைவலி, பார்வை மங்கல் அல்லது கண்முன் பொறி பறத்தல், நெஞ்சுக்குழியிலோ வலது விலாவின் கீழோ வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல், மூச்சுத் திணறல் - இவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. தலைப்பிரசவம், இரட்டைக் குழந்தை, முந்தைய கர்ப்பத்தில் இந்நோய், ஏற்கெனவே உள்ள இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரக நோய், தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் வந்த வரலாறு ஆகியவை இருந்தால் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பிள்ளை பிறந்துவிட்டதும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. பிரசவத்திற்குப் பின்னரும் ஆறு வாரங்கள் வரை அழுத்தம் ஏறலாம், வலிப்பு வரலாம். நாற்பது நாள் கழியும்வரை அவளுடைய தலைவலியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள்.

வளைகுடாவில் உழைக்கும் கணவன்மார்களுக்குத் தனியே ஒரு சொல். உங்கள் ஒப்புதலுக்காக உங்கள் வீட்டார் தொலைபேசியோடு காத்திருக்கும் நிமிடங்களில் மனைவியின் நிலை மாறிவிடலாம். மருத்துவர் சொல்வதைச் செய்யுங்கள், என்னைக் கேட்க வேண்டாம் என்று ஏழாம் மாதத்திலேயே பெற்றோரிடமும் மனைவியிடமும் சொல்லிவிடுங்கள். பணத்தையும் மனைவியின் கணக்கிலேயே வைத்துவிடுங்கள்.

ஜமாஅத்துகளுக்கும் கடமை உண்டு. பள்ளிவாசலுக்குக் குளிர்சாதனம் வாங்கும் நிதியில் மிகச் சிறு பங்கு போதும், மஹல்லாவுக்கு ஓர் இரத்த அழுத்தக் கருவி வாங்க. மதரஸாவின் பெண்கள் பிரிவில் அளக்கத் தெரிந்த இரு சகோதரிகளை அமர்த்தலாம். ஆண்டுக்கு ஒரு ஜும்ஆ பயானில் இந்தப் பொருளைப் பேசலாம். ஒவ்வொருவரும் மேய்ப்பரே, ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று அறிவிக்கப்பட்ட உம்மத்து நாம். நிர்வாகிகள் அந்த விசாரணையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் அல்லர்.

மறுமையில் அந்தப் பெண் ஷஹீதுகளோடு எழுப்பப்படுவாள் என்று நாம் ஆதரவு வைக்கிறோம். அவளுடைய கணக்கு இலேசாகிவிடும். அவளை அளக்க மறந்தவர்கள், தாமதித்தவர்கள், கேட்டறியாமல் தீர்ப்புச் சொன்னவர்கள் ஆகியோரின் கணக்கு அப்போதும் திறந்தே இருக்கும். அந்தக் கணக்கில் நம் பெயர் வராதபடி, வாயும் வயிறுமாக நிற்கும் நம் வீட்டுப் பெண்ணை இந்த வாரமே அழைத்துச் சென்று அழுத்தத்தை அளந்துவருவோம்.

நம் தாய்மார்களையும் அவர்கள் சுமக்கும் மக்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. அறிந்ததைக் கொண்டு அமல் செய்யும் நற்பேற்றை நமக்குத் தருவானாக. ஆமீன்.